இணையத் தரநிலைத் திட்டம்

இணையத் தரநிலைத் திட்டம் என்பது இணையதள வடிவமைப்பாளர்கள் சிலர் 1998ஆம் ஆண்டில் தொடங்கி 2013 வரை நடத்திய தன்னார்வ அமைப்பாகும். ‘வெப் ஸ்டாண்டர்ட்ஸ் பிராஜெக்ட்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். அதைச் சுருக்கினால் கிடைக்கும் ‘வாஸ்ப்’ என்ற சொல்லுக்குக் குளவி என்று பொருள். ஜார்ஜ் ஓல்சன், கிளென் டேவிஸ், ஜெஃப்ரி செல்ட்மன் ஆகியோர் இதன் நிறுவனர்கள். ஓர் இணையப் பக்கம் எந்த நிறுவனத்தின் உலாவியில் திறந்தாலும் ஒழுங்காகத் திறக்க வேண்டும் என்பதே இவர்களின் கோரிக்கை. இன்று கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே பக்கத்தைப் படிக்கும் மாணவருக்கு, இதில் போராட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 1998இல் நிலைமை வேறு.

உலாவிப் போர்

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வையவிரிவு வலை 1991இல் வெளியுலகுக்குத் திறந்துவிடப்பட்டது. 1993 ஏப்ரல் 30 அன்று, யாரும் கட்டணமின்றி அதைப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. பக்கங்களை எழுத அவர் வகுத்த எச்.டி.எம்.எல். மிக எளிமையானது. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. எழுத்தின் நிறம், ஓரத்தில் விட வேண்டிய இடம், படம் நிற்க வேண்டிய பக்கம் ஆகியவை பற்றி அது பெரிதாகக் கவலைப்படவில்லை.

1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டரும், 1995 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் வெளிவந்தன. ஒன்றையொன்று முந்துவதற்காக இரு நிறுவனங்களும் தத்தம் உலாவிக்கு மட்டுமே புரியும் குறிகளைச் சேர்த்துக்கொண்டே போயின. நெட்ஸ்கேப்பில் எழுத்தைக் கண்சிமிட்ட வைக்கலாம். எக்ஸ்புளோரரில் எழுத்தை இடவலமாக ஓட வைக்கலாம். இவை வேடிக்கைகள், பெரிய கேடு இல்லை. உண்மையான தொல்லை 1997இல் வந்த நான்காம் பதிப்புகளோடு தொடங்கியது. பக்கத்திலுள்ள ஒரு பகுதியை நகர்த்தவோ மறைக்கவோ இரண்டு உலாவிகளிலும் இரு வேறு முறைகள் இருந்தன. வடிவமைப்பாளர் ஒரே வேலைக்கு இரண்டு நிரல்கள் எழுதி, வந்திருப்பது எந்த உலாவி என்று கண்டறிய மூன்றாவது ஒன்றையும் எழுத வேண்டியிருந்தது. இயலாதவர்கள் ‘இந்தப் பக்கம் இன்ன உலாவியில் பார்க்கச் சிறந்தது’ என்று அடியில் ஒரு சின்னத்தை ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

அழகு வேண்டியவர்கள் இன்னொரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தனர். கணக்குகளையும் பட்டியல்களையும் காட்டுவதற்கான அட்டவணைக் குறியை எடுத்து, கோடுகளை மறைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் அந்தக் கட்டங்களுக்குள் அடுக்கினார்கள். இடைவெளிக்கு ஒரு புள்ளி அளவுள்ள ஒளிபுகும் படத்தை இழுத்து நீட்டி வைத்தார்கள். டேவிட் சீகல் 1996இல் எழுதிய நூல் இந்த உத்திகளை உலகெங்கும் பரப்பியது. அடுத்த ஆண்டே அவர், இணையத்தைக் கெடுத்ததில் தமக்கும் பங்குண்டு என்று வெளிப்படையாக எழுதினார். தொழிலில் பெயர் பெற்ற ஒருவர் தம் வெற்றியையே திருப்பிப் பார்த்து இப்படி எழுதியது அரிது.

இதற்கு மருந்து முன்பே தயாராகியிருந்தது. செர்னில் பணியாற்றிய நார்வே நாட்டவரான ஹோக்கன் வியும் லீ, 1994 அக்டோபரில் சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாள் முறையை முன்மொழிந்தார். டச்சுக்காரரான பெர்ட் பாஸ் அவருடன் சேர்ந்தார். உள்ளடக்கம் ஒரு கோப்பில், தோற்றம் வேறொரு கோப்பில் என்பதே அதன் அடிப்படை. சீருடையின் நிறத்தை மாற்றத் தலைமையாசிரியர் ஒவ்வொரு மாணவர் வீட்டுக்கும் போய்ச் சொல்வதில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதினால் போதும். பாணித்தாள் அந்தப் பலகையைப் போன்றது. ஆயிரம் பக்கங்களின் எழுத்து நிறத்தை ஒரே வரியில் மாற்றிவிடலாம். பெர்னர்ஸ்-லீ 1994இல் நிறுவிய டபிள்யூ3சி கூட்டமைப்பு இதை 1996 டிசம்பரில் தன் பரிந்துரையாக வெளியிட்டது. ஆனால் பரிந்துரைக்கத்தான் அதற்கு முடியும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. அதன் உறுப்பினர்களான உலாவி நிறுவனங்களே பரிந்துரையைப் பாதி நிறைவேற்றி, மீதியைத் தம் விருப்பப்படி விட்டுவிட்டன.

குளவி கொட்டியது

அதிகாரம் இல்லாத இடத்தில் கூச்சலாவது வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் நினைத்தார்கள். உலாவிகளின் முரண்பாட்டால் ஓர் இணையதளத்தை உருவாக்கும் செலவு குறைந்தது 25 விழுக்காடு கூடுகிறது என்பது இவர்களின் முதல் வாதம். நியாயத்தைவிடச் செலவுக் கணக்கு நிறுவனங்களின் காதில் எளிதாக ஏறும் என்பதை அறிந்து வைத்திருந்தார்கள். நெட்ஸ்கேப் தன் பழைய காட்சிப் பொறியைக் கைவிட்டு, தரநிலைகளை மதிக்கும் புதிய ‘கெக்கோ’ பொறிக்கு மாற வேண்டும் என்று 1998இல் விண்ணப்பம் திரட்டினார்கள். நெட்ஸ்கேப்பும் மாறியது. ஆனால் புதிய பதிப்பு 2000 நவம்பரில்தான் வெளிவந்தது. அதற்குள் எக்ஸ்புளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது. அந்தத் தாமதம் நெட்ஸ்கேப்பின் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது என்போர் உண்டு. எனினும் அதே கெக்கோதான் 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியாக மறுபிறவி எடுத்தது.

கோபத்தைவிடப் பயன் தந்தவை சோதனைகள். டாட் ஃபார்னர் 1998 அக்டோபரில் ஒரே ஒரு பக்கத்தை உருவாக்கினார். நிறப் பெட்டிகளும் சில சொற்களும் அதில் இருந்தன. பாணித்தாள் விதிகளைச் சரியாகப் பின்பற்றும் உலாவியில் அது கொடுக்கப்பட்ட மாதிரிப் படத்தைப் போலவே தெரியும். தவறினால் பெட்டிகள் சிதறிக் கிடக்கும். தங்கத்தை அமிலத்தால் சோதிக்கும் வழக்கத்தையொட்டி இது ‘ஆசிட் சோதனை’ எனப் பெயர் பெற்றது. இனி யாரும் அறிக்கை படித்து வாதாட வேண்டியதில்லை. உலாவியைத் திறந்து பார்த்தால் தேர்ச்சியா தோல்வியா என்பது கண்ணுக்கே தெரிந்தது.

முதல் பெரிய வெற்றி எதிர்முகாமிலிருந்தே வந்தது. மேக் கணினிக்கான எக்ஸ்புளோரர் 5, 2000 மார்ச்சில் வெளிவந்தபோது, முதல் பாணித்தாள் பரிந்துரையை ஏறக்குறைய முழுமையாக நிறைவேற்றியிருந்தது. அதன் காட்சிப் பொறியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் டான்டெக் செலிக். பழைய பக்கங்களைக் கெடுக்காமல் புதிய விதிகளை எப்படிக் கொண்டுவருவது என்ற சிக்கலுக்கும் அதில் விடை இருந்தது. பக்கத்தின் முதல் வரியிலுள்ள அறிவிப்பைப் பார்த்து, அது தரநிலைப்படி எழுதப்பட்டதா, பழைய வழக்கப்படி எழுதப்பட்டதா என்று உலாவியே முடிவு செய்து அதற்கேற்பக் காட்டியது. இன்றைய உலாவிகளிலும் இந்த முறை தொடர்கிறது.

2001 பிப்ரவரியில் நடந்த உலாவி மேம்பாட்டு இயக்கத்தைப் பற்றி அத்தனை பெருமையாகச் சொல்ல முடியாது. பழைய உலாவியில் வருவோருக்கு அலங்காரமற்ற எழுத்து மட்டும் கிடைக்கும். புதிய உலாவிக்கு மாறும்படி ஒரு வேண்டுகோளும் தெரியும். அலுவலகத்திலோ நூலகத்திலோ பிறர் கணினியைப் பயன்படுத்துபவர் எப்படி மாறுவார்? சோம்பேறிகளான சிலர் இதைச் சாக்காக வைத்து வாசகர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பவும் செய்தார்கள்.

செய்து காட்டிய பணிகள்

பாணித்தாளைக் கொண்டு வணிகத் தரத்தில் ஒரு பெரிய தளத்தை அமைக்க முடியாது என்ற எண்ணம் தொழிலில் வேரூன்றியிருந்தது. அதை உடைத்தது 2002 அக்டோபரில் டக்ளஸ் போமன் செய்த ‘வயர்டு நியூஸ்’ தளத்தின் மறுவடிவமைப்பு. நாள்தோறும் மாறும் செய்தித் தளம் ஒன்று அட்டவணைகளை உதறிவிட்டு முழுவதும் பாணித்தாளில் நின்றது. மறு ஆண்டு ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தளமும் மைக் டேவிட்சன் மேற்பார்வையில் அவ்வழியே சென்றது. பக்கங்களின் எடை குறைந்ததால் தொலைபேசி வழி இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு அவை விரைவாகத் திறந்தன. நிறுவனத்துக்கும் தரவுப் போக்குவரத்துச் செலவு மிச்சமாயிற்று.

கற்பிக்கும் திறனில் இவற்றை விஞ்சியது, கனடா நாட்டு வடிவமைப்பாளர் டேவ் ஷே 2003 மே மாதம் தொடங்கிய ‘சி.எஸ்.எஸ். சென் கார்டன்’. அவர் ஓர் எச்.டி.எம்.எல். பக்கத்தை எழுதி வைத்தார். அதில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. பாணித்தாளையும் படங்களையும் மட்டும் மாற்றலாம் என்பது விதி. உலகின் பல மூலைகளிலிருந்தும் வடிவமைப்பாளர்கள் தங்கள் பாணித்தாள்களை அனுப்பினார்கள். ஒன்று பழைய சுவரொட்டி போல இருக்கும், மற்றொன்று கடலடிக் காட்சி போல இருக்கும். அடியிலுள்ள பக்கமோ ஒன்றே. பாணித்தாளால் அழகு சாத்தியமில்லை என்று அதன் பிறகு எவரும் உரக்கச் சொல்லவில்லை.

இவர்கள் நேரில் கூடிய மாநாடுகளும் பெருகின. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் விழா பழைய சந்திப்பிடம். 2004இல் சிட்னியில் வெப் எசென்ஷியல்ஸ், 2005 ஜூனில் லண்டனில் அட் மீடியா ஆகியவை தொடங்கின. செல்ட்மனும் பாணித்தாள் வல்லுநர் எரிக் மேயரும் நடத்திய ‘ஆன் ஈவன்ட் அபார்ட்’ மாநாட்டின் முதல் கூட்டம் 2005 டிசம்பரில் பிலடெல்பியாவில் நடந்தது. செய்முறைப் பயிற்சி இல்லாத கல்லூரிகளின் இடத்தை இவை ஓரளவு நிரப்பின.

பார்வையற்றோரும் தமிழரும்

தரநிலை என்பது வடிவமைப்பாளர்களின் வசதிக்காக மட்டும் வந்ததன்று. பார்வையற்ற ஒருவரின் கணினி, பக்கத்திலுள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கிறது. அட்டவணைக் கட்டங்களுக்குள் சிதறிய பக்கத்தை அது தாறுமாறாக வாசிக்கும். விளக்கச் சொல் இல்லாத படத்தின் முன் ஊமையாகிவிடும். சிட்னி ஒலிம்பிக் போட்டிக்கான இணையதளம் இப்படித்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான புரூஸ் மக்வயர் முறையிட்டார். தளத்தைத் திருத்துமாறு மனித உரிமை ஆணையம் 2000 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஏற்பாட்டுக் குழு உத்தரவை முழுமையாக நிறைவேற்றாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. படத்துக்கு ஒரு வரி விளக்கம் சேர்ப்பது அதைவிட மலிவு.

தமிழ்ப் பக்கங்களும் உலாவிப் போரில் சிக்கின. 1990களின் பிற்பகுதியில் தமிழ்த் தளங்கள் தனித்தனி எழுத்துருக்களையும் குறியீட்டு முறைகளையும் பயன்படுத்தின. எழுத்துருவை முதலில் தரவிறக்கி நிறுவாத வாசகருக்குத் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளே தெரிந்தன. பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் ‘டைனமிக் ஃபாண்ட்’ வசதி 1997இல் வந்தபோதும், நெட்ஸ்கேப் ஒரு முறையையும் மைக்ரோசாஃப்ட் இன்னொரு முறையையும் கொண்டுவந்தன. எனவே இரண்டுக்குமாக இரு கோப்புகள் தேவைப்பட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு பொது விசைப்பலகையையும் டாம், டாப் குறியீட்டு முறைகளையும் ஏற்றது. பின்னர் ஒருங்குறி பரவியது. குறியீட்டுச் சிக்கல் தீர்ந்தது. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் முறை, சஃபாரி உலாவியில் 2008இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2009இலும் தரநிலைப்படி இடம்பெற்றது.

2008ஆம் ஆண்டுப் பிளவு

2001இல் எக்ஸ்புளோரர் 6ஐ வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், போட்டியாளர் இல்லாத களத்தில் ஐந்து ஆண்டுகள் அடுத்த பதிப்பே இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அதன் எம்.எஸ்.என். தளம் வேறு சில உலாவிகளுக்குக் கதவை மூடி, எதிர்ப்பு எழுந்ததும் திறந்தது. இந்தச் சூழலில், 2005இல் திட்டத்தின் தலைவராக இருந்த மாலி ஹோல்ஸ்ஷ்லாக் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களுடன் சேர்ந்து பணியாற்றும் குழு ஒன்றை அமைத்தார். திட்டுவதைவிட உடனிருந்து திருத்துவது மேல் என்பது அவர் கருத்து. அதே ஆண்டு ஏப்ரலில் லீ யோசனையின்படி இரண்டாவது ஆசிட் சோதனை வெளியானது. சஃபாரி முதலில் தேறியது.

2008 ஜனவரியில் பிரச்சினை வெடித்தது. எக்ஸ்புளோரர் 8 தரநிலைகளைப் பின்பற்றும். ஆனால் பக்கத்தில் அதற்கென ஒரு சிறப்பு வரி இருந்தால் மட்டுமே. வரி இல்லாவிட்டால் ஏழாம் பதிப்பைப் போலவே நடந்துகொள்ளும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பழைய உலாவியை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற அலுவலகப் பக்கங்கள் உடைந்துவிடும் என்பது அது சொன்ன காரணம். இந்த ஏற்பாட்டை வகுப்பதில் தரநிலைத் திட்டத்தின் உறுப்பினர் சிலரும் பங்கேற்றிருந்தார்கள் என்பது தெரிந்தபோது மற்ற உறுப்பினர்களே திகைத்தனர். செல்ட்மனும் மேயரும் ஏற்கத்தக்கது என்றார்கள். ஜெரமி கீத் போன்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். சரியாக எழுதியவரே ஏன் கூடுதல் வரி எழுத வேண்டும் என்ற அவர்களின் கேள்விக்கு நிறைவான பதில் வரவில்லை. இரு தரப்பிலும் நேர்மை இருந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் பக்கமே வலு அதிகம். லீ தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஓபரா நிறுவனம் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் மீது ஐரோப்பிய ஆணையத்தில் புகார் செய்திருந்தது. 2008 மார்ச் 3 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. எக்ஸ்புளோரர் 8 இயல்பாகவே தரநிலைகளைப் பின்பற்றும், விலக்கு வேண்டுவோர் வரி சேர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

2010 மே மாதத்தில் ஈத்தன் மார்கோட், திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே மாறியமையும் வடிவமைப்பு முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பாணித்தாள்களை உலாவிகள் ஒரே மாதிரி புரிந்துகொள்ளத் தொடங்கியிராவிட்டால் அது ஏட்டளவிலேயே நின்றிருக்கும். 2013 மார்ச் 1 அன்று, தங்கள் பணி முடிந்தது என்று அறிவித்து இணையத் தரநிலைத் திட்டம் கலைந்தது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2018 டிசம்பரில், மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் காட்சிப் பொறியைக் கைவிட்டு, கூகுளின் குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியத்துக்கு மாறுவதாக அறிவித்தது. குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிடப்படும் தளங்கள் இப்போது உள்ளன. ‘குரோமில் பார்க்கச் சிறந்தது’ என்ற வரியும் சிலவற்றின் அடியில் தென்படுகிறது.