தோற்கத் தெரிந்த வாத்தியார்

போன பொங்கலுக்குத் திருவண்ணாமலை போயிருந்தப்போ அக்கா பையன் கேரம் போர்டைக் கவுத்துட்டான். தோத்துட்டானாம். வயசு எட்டு. "மாமா, நீ ஏமாத்திட்டே"ன்னு ஒரே அழுகை. அக்கா என்னைத்தான் முறைச்சாங்க. பின்னே? நானும் அதே கேஸ்தான். பள்ளிக்கூடத்துல ஒரு கூடைப்பந்து மேட்ச்சுல எதிர் டீம் பையனை முழங்கையால இடிச்சுத் தள்ளி ஜெயிச்சவன்.

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவரைப் பத்தி அப்பவே தெரிஞ்சிருந்தா வெட்கப்பட்டிருப்பேன்.

ஜேம்ஸ் நைஸ்மித். கனடாக்காரர், கிறிஸ்தவ இறையியல் படிச்சவர். பிரசங்கத்தால மட்டுமில்ல, மைதானத்துலயும் மனுஷனைச் செதுக்கலாம்னு நம்பினவர். 1891 டிசம்பர்ல அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில, குளிருக்கு உள்ளே அடைஞ்சு கிடந்த 18 முரட்டு மாணவர்களை மேய்க்கிற வேலை அவருக்கு.

அவர் யோசிச்ச விதம்தான் அழகு. பந்தோட ஓடினாத்தானே மடக்கித் தள்ளணும்? ஓடவே கூடாது. கோல் தரையில இருந்தாத்தானே வேகமா அடிப்பாங்க? 10 அடி உயரத்துல பழக்கூடையைக் கட்டினார். இனி மெதுவா வளைச்சுத்தான் போடணும். மொத்தம் 13 விதிகள். ரெண்டாவது தடவை இடிச்சா, அடுத்த கோல் விழுற வரைக்கும் வெளியே உட்காரணும். அடக்கத்தைப் போதிக்கல, ஆட்டத்துக்குள்ளேயே புரோகிராம் எழுதி வச்சுட்டார் :-)

அதே ஸ்பிரிங்ஃபீல்டுல படிச்ச ஹாரி குரோ பக் 1920ல சென்னையில ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு நந்தனத்துல இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நம்ம ஊர் பி.டி. வாத்தியார்கள் பல பேருக்கு அதுதான் தாய்வீடு.

இன்னொரு சேதி. நைஸ்மித் 1898லிருந்து 1907 வரை கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர். ஜெயிச்சது 55, தோத்தது 60. அங்கே ஜெயிச்சதை விட அதிகம் தோத்த ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவரே!

இதைச் சொன்னதும் பையன் அழுகையை நிறுத்திட்டுக் கேட்டான்: "அவரு போர்டைக் கவுக்கலையா மாமா?"

"இல்லடா. அடுத்த மேட்ச்சுக்குப் போயிட்டாரு."

அதோட விட்டிருக்கலாம். என் முழங்கைக் கதையையும் சொல்லித் தொலைச்சேன். "அந்தப் பையன்கிட்ட சாரி சொன்னியா?"ன்னான்.

சொல்லலை. அவன் இப்பவும் ஊர்லதான் இருக்கான். அடுத்த தடவை கிரிவலத்துக்குப் போறப்போ முதல்ல அவன் வீட்டுக்குப் போகணும்.