மொழி அறியா இரு வாள்கள்

யப்பானியத் திரையிலே சாட்டோயிச்சி என்னும் வீரன் 1962ஆம் ஆண்டு முதன்முதலாகத் தோன்றினான். கண்பார்வையற்ற அவன், உடம்பு பிடித்துவிட்டும் சூதாடியும் ஊரூராய்த் திரிபவன். கைத்தடியினுள்ளே வாளொன்றை மறைத்து வைத்திருப்பவன். சிமொசாவா கன் 1948இல் எழுதிய கதையிலே பிறந்த இப்பாத்திரத்துக்கு உயிரூட்டியவர் கட்சு சிந்தாரோ என்னும் நடிகர். 1967இல் ஹொங்கொங்கிலே சாங் செ நெறிப்படுத்திய படமொன்றில், வலக்கையை இழந்தபின் இடக்கையால் வாள் பயிலும் வீரனாக வாங் யூ நடித்துப் பெரும்புகழ் எய்தினார்.

இவ்விரு வீரரும் 1971இல், யசுதா கிமியோசி நெறிப்படுத்திய படத்திலே எதிர்ப்பட்டனர். யப்பானுக்கு வந்த சீனக் குடும்பமொன்றின் சிறுவன், பெருநிலக்கிழார் ஒருவரின் ஊர்வலத்துக்குக் குறுக்கே ஓடிவிடுகின்றான். அவனைக் காக்க முயன்ற பெற்றோர் வாளுக்கு இரையாகின்றனர். பழியோ ஒற்றைக்கை வீரன்மீது விழுகின்றது.

இது வெறும் கற்பனையன்று. நிலக்கிழார்கள் குறித்த காலங்களில் எடோ நகருக்குச் சென்று தங்கவேண்டும் என்பது 1635ஆம் ஆண்டு முதல் சட்டமாயிற்று. அவர்தம் ஊர்வலம் வரும்போது பொதுமக்கள் ஒதுங்கிப் பணிதல் வேண்டும். 1862இல் நமமுகி என்னும் ஊரிலே, சற்சுமா நாட்டு ஊர்வலத்துக்கு வழிவிடாத ஆங்கில வணிகர் ஒருவர் வெட்டுண்டு மாண்டார். அதன் விளைவாக, மறு ஆண்டிலே பிரித்தானியக் கடற்படை ககோசிமா நகரைப் பீரங்கியால் தாக்கியது.

படத்திலே சிறுவனைக் காக்க விரும்புவோர் இருவருமே. ஆயினும் ஒருவன் பேசுவது யப்பானியம். மற்றவன் பேசுவது சீனம். வேறொருவர் செய்த துரோகத்தைச் சாட்டோயிச்சியே செய்தான் எனச் சீன வீரன் எண்ணுகின்றான். மறுத்துரைக்கச் சாட்டோயிச்சியிடம் சொல் உண்டு. அது சீனன் செவியிலே பொருளாகவில்லை. யப்பானில் காட்டப்பெற்ற படத்திலே சீன வீரன் மாள்கின்றான். ஒருவர் மொழியை மற்றவர் அறிந்திருந்தால் இப்போர் நேர்ந்திராது என்பதே அம்முடிவின் கருத்து.

1937 முதல் 1945 வரை நிகழ்ந்த கொடும்போரின் நினைவு சீன மக்களிடையே ஆறாதிருந்த காலம் அது. சீன மக்கள் குடியரசும் யப்பானும் அரசுறவு ஏற்படுத்தியது 1972 செப்ரெம்பரிலேதான். அதற்கு முந்திய ஆண்டிலே, இரு நாட்டுப் புகழ்வீரரையும் ஒரே திரையில் நிறுத்திய இப்படம், இவருள் எவரையும் தீயவராக்கவில்லை. பகைமை இல்லாத இருவரையும் வாளெடுக்கச் செய்தது விளங்காத சொல்லே.