ஏர்லாங்கின் காத்திருப்புக் கணக்கு

மேற்கு யூலண்டில் ஸ்கேர்னுக்குக் கிட்ட லோன்போர்க் என்றொரு ஊர். 1878இல் அங்கே ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் ஆக்னர் குராருப் ஏர்லாங். அந்தப் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்களில் பலருக்கு இவரைத் தெரியாது.

1908இல் கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் சேர்ந்தார். எத்தனை இணைப்புகள் இருந்தால் சனம் காத்திருக்க வேண்டி வராது என்பதே கம்பனியின் கவலை. அழைப்புகள் தாறுமாறாக வந்தாலும், அந்தத் தாறுமாறுக்கும் ஒரு நிகழ்தகவுக் கணக்கு உண்டென்று 1909இல் காட்டினார். 1917இல் அவர் வெளியிட்ட சூத்திரங்கள் இன்றும் பாவனையில் உள்ளன. மேசையோடு மட்டும் இருந்தவரல்லர். ஏணி தூக்கிய தொழிலாளியோடு போய், தெருக்குழிகளுக்குள் இறங்கி அளவெடுத்தவர்.

பின்னாளில் இதே வழியில் தொழிற்சாலைகளையும் அளந்தார்கள். அழைப்புக்குப் பதில் பொருள், இணைப்புக்குப் பதில் மெசின். பொருள் வருவதும் வேலை முடிவதும் ஒழுங்கில்லாத ஒரு மெசினை எடுத்துக்கொள்ளுங்கள். அது 80 வீத நேரம் ஓடினால், வேலையில் இருப்பதையும் சேர்த்து, சராசரி 4 பொருட்கள் அதனிடம் நிற்கும். 90 வீதமென்றால் 9. 95 வீதமென்றால் 19!

நான் முன்னர் வேலை செய்த இடத்தில் பெட்டிகள் குவிந்தால் மேற்பார்வையாளர் எங்கள் கைகளைத்தான் பார்ப்பார். மெசினை ஓயவிடாமல் ஓட்டினால் குவியும் என்று அவருக்குச் சொல்ல எங்களிடம் டேனிஷும் இருக்கவில்லை, இந்தக் கணக்கும் இருக்கவில்லை.

ஏர்லாங் 1929இல், 51 வயதில் காலமானார். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் சர்வதேச அலகுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.