கல்லுடைத்த அலை

அதிவேக விமானத்தின்மீது மழைத்துளி மோதுகையில் எழும் அதிர்வலைகளை ஆராய்ந்த ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம், அவ்வலைகளை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது. 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில், கத்தி படாமலே ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல் உடைபட்டது.

இருபதாண்டுகளில் அந்த அலை குதிகாலுக்கு வந்தது. உடைப்பதற்கன்று, திசுவைத் தூண்டி ஆற்றுவதற்கு. தீராத குதிகால் வலிக்கு அதனைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2000-இல் அனுமதித்தது. ஆனால் 2002-இல் வெளியான, மெல்போர்னில் 166 பேரிடம் நடந்த ஆய்வில், மெய்ச்சிகிச்சை பெற்றோரும் பாவனைச் சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். பின்வந்த ஆய்வுகள் சில, சிகிச்சைக்குச் சாதகமாகவும் பேசின.

கல் உடைந்ததைப் படம் காட்டிவிடும். வலி தணிந்ததை வலித்தவர் சொல்லித்தான் நாம் அறிகிறோம். அச்சொல்லில் அலையின் பங்கு எது, காலத்தின் பங்கு எது, நம்பிக்கையின் பங்கு எது என்று பிரித்தறிவதே நமக்குக் கடினமாயிருக்கிறது.