மலை மறித்தால் மலை மேலேயே ஏறு

வயர்லெஸ் இண்டர்நெட் வரலாறு என்றாலே நமக்கு அமெரிக்காதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் குறுக்கே ஒரு மலை நின்றால் சிக்னலை அந்தப் பக்கம் எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு அருமையான பதில் சொன்னவர்கள் நேபாளத்தில், பஸ் போகாத ஒரு கிராமத்துக்காரர்கள். அந்த வரலாற்றை நம் கல்லூரியின் பழைய நண்பர்களோடும், இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளோடும் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பாடம். மீடியம் வேவ் ரேடியோவின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். குன்று குறுக்கே வந்தாலும் ஓரளவு வளைந்து போய்விடும். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் வெறும் 12.5 சென்டிமீட்டர். அது கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி. மலைக்குப் பின்னால் நிழல்தான். மலை முகட்டை உரசிக்கொண்டு போனாலே சக்தி நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. 30 கிலோமீட்டர் இணைப்பில் நடுவழியில் ஃபிரெனல் மண்டலத்தின் ஆரம் சுமார் 30 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்கவேண்டும். பூமியின் வளைவும் சேர்ந்து சுமார் 13 மீட்டரைச் சாப்பிட்டுவிடும்.

இதற்கு வழி என்ன? பழைய வழிதான். ஒரே தாவலில் போக முடியாததை இரண்டு தாவலில் போவது. 1951இல் அமெரிக்காவில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை 107 கோபுரங்களை வைத்து, ஒன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுப்பதாக மைக்ரோவேவ் தொடர் அமைத்தார்கள். கம்ப்யூட்டர் தகவலை வானொலி அலையில் அனுப்பிக் காட்டியது 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினரின் அலோஹாநெட். 1985இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. 1997இல் 802.11 என்ற தரநிலை வந்தது. 1999இல் வந்த 802.11பி கருவிகள் சீக்கிரமே மலிவாகி சாதாரண மக்கள் கைக்கு எட்டின.

இனி நாங்கி கிராமத்துக்கு வருவோம். மேற்கு நேபாளத்தில் மியாக்தி மாவட்டத்து மலைக் கிராமம் அது. அந்த ஊர்க்காரரான மகாபீர் புன் அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினார். 1997இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பழைய கம்ப்யூட்டர்கள் நன்கொடையாக வந்தன. கரண்ட் கிடையாது, ஓடையில் சின்ன ஜெனரேட்டர் வைத்து ஓட்டினார்கள். கிடைத்த உதிரி பாகங்களை மரப்பெட்டியில் பொருத்தி இன்னும் சில கம்ப்யூட்டர்கள் செய்துகொண்டார்கள். ஆனால் ஒரு மின்னஞ்சல் பார்க்கவேண்டும் என்றால் போக்ரா நகரம் வரை போகவேண்டும்.

2001இல் புன் பிபிசிக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் ஊருக்கு மலிவாக இண்டர்நெட் கொண்டுவர வழி உண்டா என்பதுதான் கேள்வி. செய்தி வெளியானதும் பல நாடுகளிலிருந்து யோசனைகள் வந்தன. தன்னார்வலர்கள் நேரிலேயே வந்தார்கள். 2002இல் வேலை தொடங்கியது. டிவி டிஷ்ஷை ஆன்டெனாவாக மாற்றி மரத்தின் மேல் கட்டி, பக்கத்து ராம்சே கிராமத்தோடு இணைத்துப் பார்த்தார்கள். கோபுரம் கட்ட காசில்லாதவனுக்கு மரமே கோபுரம்! அடுத்த படியாக மொஹரே டாண்டா என்ற சுமார் 3,300 மீட்டர் உயர முகட்டில் ரிலே நிலையம். அங்கிருந்து போக்ரா முப்பது கிலோமீட்டருக்கு மேல். 2003இல் நாங்கிக்கு இண்டர்நெட் வந்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. நூறு மீட்டருக்குச் செய்த கருவியை அத்தனை தூரத்துக்கு ஓட்டுவது லேசான காரியமா? 30 கிலோமீட்டர் போய்வரவே அலைக்கு 200 மைக்ரோ விநாடி ஆகும். பதில் வரவில்லை என்று கருவி அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவைக்க வேண்டும். முகட்டில் மின்சாரம் கிடையாது; சூரிய ஒளியையும் காற்றையும் நம்பவேண்டும். பழுதானால் யாராவது மூச்சிரைக்க மேலே ஏறவேண்டும். ஏறியவர்கள் உள்ளூர் ஆட்கள்.

மலையைவிடப் பெரிய தடை சட்டம். 1996 முதல் 2006 வரை நேபாளத்தில் உள்நாட்டுப் போர். வயர்லெஸ் கருவிகளுக்கு அரசின் கெடுபிடி கடுமை. தன்னார்வலர்கள் தங்கள் பெட்டிக்குள் வைத்துத்தான் கருவிகளைக் கொண்டுவந்தார்கள். மாட்டினால் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2006இல் அமைதி திரும்பிய பிறகுதான் வெளிப்படையாக வேலை செய்ய வழி பிறந்தது. ஊருக்குள் இருந்த சுகாதாரப் பணியாளர் நகரத்து டாக்டரிடம் ஆலோசனை கேட்க முடிந்தது. ஒரு பள்ளியின் ஆசிரியர் இன்னொரு ஊர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க முடிந்தது. 2007இல் புன்னுக்கு மகசேசே விருது கிடைத்தது.

நம்ம ஊரிலும் இந்த வரலாற்றுக்குப் பங்கு உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் அமைப்பு, நேர்பார்வையில் 10 கிலோமீட்டர் எட்டும். ரிலே வைத்தால் 25 கிலோமீட்டர். 2001 முதல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இண்டர்நெட் மையங்கள் அதில் ஓடின. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, நெடுந்தூர வைஃபை மூலம் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களை இணைத்தது. கிராமத்து நோயாளி டாக்டரோடு வீடியோவில் பேசினார். அங்கே பெர்க்லி ஆய்வாளர்கள் கண்ட பெரிய எதிரி ஒழுங்கில்லாத மின்சாரம்தான்!

இன்று ஃபைபரும், மொபைலும், செயற்கைக்கோளும் வந்துவிட்டன. ஆனாலும் பள்ளத்தாக்கில் சிக்னல் எட்டாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும்போது அப்படி ஓர் ஊரை எடுங்கள். வரைபடத்தில் உயரக் கோடுகளைப் பார்த்து, இரண்டு பக்கமும் தெரிகிற முகடு எது என்று கண்டுபிடியுங்கள். பிறகு ஊருக்குப் போய், அந்த முகட்டுக்கு மாதம் ஒருமுறை ஏறிவர யார் தயார் என்று கேளுங்கள். அந்த ஆள் கிடைத்த பிறகு ஆன்டெனா வாங்கினால் போதும்.