உத்திரமேரூருக்கு வந்தால் ஏரியையும் பாருங்கள்



பெங்களூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், "பிள்ளைகளோடு வருகிறேன், நம் ஊரில் என்ன காட்டலாம் சார்?" என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வைகுண்டப் பெருமாள் கோயில் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்காமல் யாரும் போவதில்லை. பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஊர்ச்சபை எடுத்த முடிவுகள் அவை. முப்பது குடும்புகள், பானையில் ஓலை, அதை எடுத்துக் கொடுக்கும் சிறுவன் என்று வகுப்பில் படித்தது நினைவிருக்கும். அதே கல்லில் ஏரி வாரியம் என்று ஒன்று உண்டு. ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் வேலை பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் மேலான சம்வத்சர வாரியத்தில் இடம். தண்ணீரைக் கவனிக்கத் தெரிந்தவனிடம்தான் ஊரைக் கொடுத்தார்கள்!

அவர்கள் கவனித்த ஏரி இன்றும் இருக்கிறது. பல்லவர் காலக் கல்வெட்டுகளில் அதன் பெயர் வயிரமேகத் தடாகம். அதில் தூர் வாரவென்றே அந்தக் காலத்தில் அறக்கொடைகள் வைத்திருக்கிறார்கள். ஏரியை வெட்டினால் மட்டும் போதாது, வருஷா வருஷம் வண்டல் சேரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கணக்கு விஷயத்தில் இன்னும் கறார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனோடு போகாது, பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், தாய்மாமன், மைத்துனன், மருமகன் வரை யார் பெயரும் ஓலையில் எழுதக்கூடாது. (உறவினர்கள் கவனிக்கவும்!)

இதை இன்றைய ஜனநாயகம் என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது பிராமணர்களின் சபை. நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்கள் மட்டுமே நிற்கலாம். பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அதில் இடமில்லை. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கணக்குக் கேட்ட முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்களில் சிலர் இப்போது ஊராட்சி மன்றத்தில் இருக்கிறீர்கள். தூர் வாரும் கணக்கைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லி நீங்களே கேட்கலாமே?

சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் மூன்று நிலைகளில் நின்ற, அமர்ந்த, கிடந்த கோலம் பார்க்கலாம். நேரமிருந்தால் வேடந்தாங்கலுக்கும் போய் வாருங்கள். அதுவும் ஓர் ஏரிதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்களே காத்து வந்தது.

பறவைகளுக்கு மார்கழி, தை மாதங்கள் நல்லது. கரையில் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.