கொத்தமல்லியும் பவாரியச் சட்டமும்

பியரில் கொத்தமல்லி விதை சேர்ப்பதுண்டு என்று சொன்னால் நம்மில் பலர் வியப்படைவர். ரசத்திற்கு உரிய பொருளுக்கு மதுப்பானையில் என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. (நான் மது அருந்துபவன் அல்லன். இவ்வினாவே என்னை வரலாற்று நூல்களின் பக்கம் இழுத்துச் சென்றது.)

தேடிப் பார்த்ததில் ஓர் உண்மை புலப்பட்டது. பியரின் இயல்பான பொருள் என்று இன்று கருதப்படும் ஹாப்ஸ்தான் ஐரோப்பாவில் பின்னாளில் வந்த விருந்தாளி. வாசனைச் செடிகளோ அதற்கு முன்பே வீட்டுக்காரர்களாக இருந்தவை.

ஹாப்ஸ் ஒரு கொடி. அதன் பெண் பூங்கதிரே பியருக்குக் கசப்பைத் தருகின்றது. பானம் விரைவில் கெடாமலும் காக்கின்றது. 12ஆம் நூற்றாண்டில் ரைன் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்னும் கன்னித்துறவி இக்காக்கும் குணத்தைத் தம் நூலில் குறித்துள்ளார். மனச்சோர்வைப் பெருக்கும் என்று குறையும் கூறியுள்ளார்.

அக்காலத்தில் ரைன்லாந்திலும் நெதர்லாந்துப் பகுதிகளிலும் 'கிரூட்' எனப்பட்ட கலவையே பியருக்கு மணமூட்டியது. சதுப்பு நிலத்தில் வளரும் நறுமணப் புதர் ஒன்றின் இலையும் வேறு பல மூலிகைகளும் அதில் இடம்பெற்றன. இக்கலவையை விற்கும் உரிமை அரசர்க்கோ ஆயர்க்கோ உரியது. பியர் வடிப்போர் அவர்களிடமே வாங்கியாக வேண்டும். பேரரசர் இரண்டாம் ஓட்டோ 974ஆம் ஆண்டில் ஃபோஸ் என்னும் ஊரின் கிரூட் உரிமையை லியேஜ் திருச்சபைக்கு வழங்கினார். அஃதாவது, மணப்பொருளின் வடிவில் வரி வாங்கப்பட்டது!

ஆயினும் ஹாப்ஸ் சேர்த்த பியர் நெடுநாள் தாங்கியது. கப்பலேற்றி விற்க முடிந்தது. பிரேமன், ஹாம்பர்க் நகரங்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இவ்வணிகத்தால் செழித்தன. கிரூட் மெல்ல மெல்லப் பின்வாங்கியது.

இனி, பலரும் அறிந்த பவாரியச் சட்டத்திற்கு வருவோம். 1516 ஏப்ரல் 23ஆம் நாள் இங்கோல்ஸ்டாட் நகரில் கோமகன்களான நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் இதனை அறிவித்தனர். பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றுமே பியருக்குரியவை என்றனர். நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் இப்பட்டியலில் இல்லை. அதன் தன்மையை அன்று எவரும் அறிந்திலர். எனினும் சட்டத்தின் பெரும்பகுதி பேசுவது விலையைப் பற்றியே. குளிர்காலத்தில் ஓர் அளவைக்கு ஒரு பெனிக், கோடையில் இரண்டு பெனிக்கிற்கு மேற்படலாகாது என்பது விதி. கோதுமையை ரொட்டிக்கு ஒதுக்குவதும் இதன் நோக்கம் என்பர் வரலாற்றாசிரியர் பலர்.

ஆனால் அதே அரச குடும்பம் தேகன்பெர்க் என்னும் பிரபுக் குடும்பத்திற்குக் கோதுமைப் பியர் வடிக்கத் தனியுரிமை தந்தது. 1602இல் அக்குடும்பம் வாரிசின்றிப் போகவே, கோமகன் முதலாம் மாக்சிமிலியன் அவ்வுரிமையைத் தாமே எடுத்துக்கொண்டு நன்றாகப் பொருளீட்டினார். விதியை இயற்றியவர்க்கு விதிவிலக்கும் கைவந்த கலை போலும்! நம் கொத்தமல்லிக்கும் 1551இலேயே பவாரியாவில் அனுமதி கிடைத்துவிட்டது.

'தூய்மைச் சட்டம்' என்னும் பெயரைக் கேட்டால் ஏதோ தொன்மையான அறநெறி போலத் தோன்றும். அப்பெயர் வழக்கிற்கு வந்தது 1918இல், பவாரிய நாடாளுமன்ற விவாதத்தில். சட்டம் பிறந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர்! அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1906இல், இவ்விதிமுறை ஜெர்மனி முழுமைக்கும் விரிவாக்கப்பட்டிருந்தது. பிறநாட்டுப் பியர்களைத் தடுக்க இதனைப் பயன்படுத்தலாகாது என 1987இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றிற்கிடையே பழைய சுவைகள் சில தப்பிப் பிழைத்தன. உப்பும் கொத்தமல்லியும் சேரும் 'கோசெ' பியர் லைப்சிக் நகரில் 1966இல் நின்றுபோய், 1980களில் மீண்டும் உயிர்பெற்றது. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் வெண்பியர் வடித்த கடைசி ஆலை 1957இல் மூடப்பட்டது. அவ்வாலையின் அருகில் வளர்ந்து, சிறுவனாக அங்கே கையுதவி செய்த பியேர் செலிஸ் என்னும் பால்காரர், 1966இல் தாமே அதனை மீண்டும் வடிக்கத் தொடங்கினார். கோதுமை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை ஆகியவை அவர் பானையில் சேர்ந்தன.